வராத கேமராவுக்கு ஜாதகம்

பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு பக்கம் ஓர் ஊரில் எருது விடும் விழா. தெருவின் இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டை நட்டுத் தடுப்பு கட்டியிருந்தார்கள். நின்றிருந்த டிராக்டர் டிரெய்லர் மேல் ஏறி இடம் பிடித்துக்கொண்டேன். அவிழ்த்துவிட்ட வேகத்தில் சலங்கை குலுங்க எருது வருகிறது. அது ஓடுகிற பக்கமே கேமராவையும் திருப்பிக்கொண்டு பட்டனை அழுத்தினேன். சத்தமே போடாத எலக்ட்ரானிக் ஷட்டர், விநாடிக்கு முப்பது படம். ஒன்றுகூடத் தப்பாது என்று தெம்பாக இருந்தேன்.

ராத்திரி கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் எருது அருமையாக விழுந்திருக்கிறது. புழுதி, தூக்கிய பின்னங்கால், மிரண்ட கண், எல்லாம் பளிச். ஆனால் பின்னால் இருந்த சவுக்குக் கட்டை அத்தனையும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன, காற்றில் சாய்ந்த வாழைத்தோப்பு மாதிரி. கட்டையைப் பிடித்தபடி நின்ற விழாக்குழுத் தலைவரும் கூடவே சாய்ந்திருக்கிறார். அன்று அவர் குடிக்கவில்லை என்பதற்கு நானே சாட்சி.

காட்பாடியில் கல்லூரி படிக்கும் என் அக்கா பையன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். "மாமா, உங்க கேமரா பழசு. புதுசா ஒரு கிராப் பாடி வரப்போவுதாம். அதுல இந்தச் சாய்வே இருக்காதாம். நான் இப்பவே ஒண்ணு வாங்கிடட்டுமா, அது வர்ற வரைக்கும் காத்திருக்கட்டுமா?" என்று போனை நீட்டினான். பாடி என்றால் லென்ஸ் நீங்கலான கேமரா. இத்தனை மெகாபிக்சல், இத்தனை வேகம், இந்த மாதம், இந்த விலை என்று நீளமாக ஒரு பட்டியல். தயாரிப்பவர்கள் இன்னும் வாயே திறக்காத கேமராவுக்கு ஜாதகம் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இப்படிப்பட்ட பட்டியல்களில் பெரும்பாலானவை ஊகம். ஆனால் ஊகிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. அது பிடிபட்டுவிட்டால் பட்டியலே தேவையில்லை, நாமே கணிக்கலாம்.

கிராப் என்றால் என்ன

நம் ஊரில் கிராப் என்றால் சலூனில் வெட்டிக்கொள்வது. கேமராவிலும் அதே சொல்தான், அதே வேலைதான்: ஓரத்தை வெட்டுவது.

லென்ஸ் உள்ளே வீசுகிற ஒளி வட்டமாக விழும். அந்த வட்டத்துக்குள், ஒளியைப் படமாக்கும் சென்சார் ஒரு செவ்வகமாக உட்கார்ந்திருக்கும். பழைய ஃபிலிம் ரோலின் அளவான 36-க்கு 24 மி.மீ. இருந்தால் அது ஃபுல் ஃபிரேம். நிக்கான், சோனி, ஃபியூஜிஃபில்ம் நிறுவனங்களின் கிராப் சென்சார் ஏறக்குறைய 23.5-க்கு 15.6 மி.மீ. கேனன் இன்னும் சற்றுச் சிறியது, 22.3-க்கு 14.9 மி.மீ. பரப்பில் பார்த்தால் ஃபுல் ஃபிரேமில் பாதிகூட வராது.

வேலூர்க் கோட்டை அகழிக்கு இந்தப் பக்கம் நின்று, ஒரே லென்ஸை இரண்டு பாடியிலும் மாட்டி மதிலை எடுத்துப் பாருங்கள். ஃபுல் ஃபிரேமில் மதில், தண்ணீர், ஓரத்து மரம் எல்லாம் வரும். கிராப்பில் நடுப்பகுதி மட்டும் வரும். லென்ஸ் எதையும் பெரிதாக்கவில்லை, ஓரம்தான் போய்விட்டது. ஆனால் இரண்டு படத்தையும் ஒரே அளவில் பிரிண்ட் போட்டால் கிராப் படத்தில் மதில் கிட்டே வந்தது போலத் தெரியும். எவ்வளவு கிட்டே என்பதைச் சொல்லும் எண்தான் கிராப் ஃபேக்டர்: நிக்கான், சோனி, ஃபியூஜிக்கு 1.5, கேனனுக்கு 1.6. 200 மி.மீ. லென்ஸ் 300 அல்லது 320 மாதிரி வேலை செய்யும்.

தெருக்கோடியில் இருக்கும் எருதை எடுப்பவனுக்கு இது இலவச லாபம். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் படத்தில் ஓரத்தை வெட்டிக் கிராப் அளவுக்குக் கொண்டுவந்தால் சுமார் 10 மெகாபிக்சல்தான் மிஞ்சும். 24 மெகாபிக்சல் கிராப் பாடியில் அதே பகுதிக்கு 24-ம் முழுதாக இருக்கும். இதற்கு விலை, மங்கிய வெளிச்சத்தில் கொடுக்க வேண்டும். சென்சார் சிறியது என்பதால் மொத்தமாகச் சேரும் ஒளி குறைவு, மண்டப ரிசப்ஷனில் சொரசொரப்பு சீக்கிரம் தெரியும். எவ்வளவு புதிய மாடல் வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

கிராப் சென்சாரை ஏபிஎஸ்-சி என்றும் சொல்வார்கள். 1996-ல் வந்த ஏபிஎஸ் என்ற ஃபிலிம் வகையில் 'கிளாசிக்' என்று ஓர் அளவு இருந்தது, அதன் மிச்சம் இந்தப் பெயர். அந்த ஃபிலிம் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. வட ஆற்காடு மாவட்டத்தை 1989-ல் பிரித்த பிறகும் பெரியவர்கள் வாயில் இன்னும் வட ஆற்காடுதானே, அதுபோல.

தோல் வெட்டும் மேசை

சிறிய சென்சார் ஏன் மலிவு என்று கேட்டால் ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்த யாரும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். பதனிட்ட தோல் மேசைக்கு வரும். அதில் உண்ணி கடித்த புள்ளி இருக்கும், முள் கிழித்த கோடு இருக்கும். பெரிய துண்டாக வெட்டினால் ஒரே ஒரு தழும்புக்காகத் துண்டு முழுவதையும் ஒதுக்க வேண்டியிருக்கும். சின்னத் துண்டென்றால் தழும்பை ஒதுக்கி அதைச் சுற்றி வெட்டிக்கொள்ளலாம்.

சென்சார் வெட்டுவது சிலிக்கான் வட்டிலிலிருந்து. 300 மி.மீ. விட்டமுள்ள வட்டிலின் பரப்பைச் சும்மா வகுத்துப் பார்த்தாலே ஃபுல் ஃபிரேம் 80 சொச்சம், கிராப் 190 சொச்சம். ஓரக்கழிவு வேறு போகும். தூசிக் குறை ஒன்று விழுந்தால் பெரிய துண்டு கெடுவதற்கு வாய்ப்பு அதிகம். விலை வித்தியாசம் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

இந்தத் தோல் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் கணிப்பின் முதல் சூத்திரம் கிடைக்கும். ஃபியூஜிஃபில்ம் 2018-ல் எக்ஸ்-டி3 விட்டது: கிராப், 26 மெகாபிக்சல். 2019-ல் சோனி ஏ7ஆர் 4 வந்தது: ஃபுல் ஃபிரேம், 61 மெகாபிக்சல். அதே ஆண்டு ஃபியூஜியின் ஜிஎஃப்எக்ஸ் 100: அதைவிடப் பெரிய சென்சார், 102 மெகாபிக்சல். பார்த்தால் மூன்றும் வேறு வேறு உலகம். ஆனால் சென்சாரின் அகலத்தை, அந்த அகலத்தில் வரிசையாக நிற்கும் பிக்சல் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். மூன்றிலும் ஒரு புள்ளி ஏறக்குறைய 3.76 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.-யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரே தோலில் குழந்தைச் செருப்பும் ஷூவும் பூட்ஸும் வெட்டிய மாதிரி. 2023-ல் வந்த சோனி ஏ6700-ன் 26 மெகாபிக்சலிலும் அதே அளவுதான்.

ஆகவே 'புதிய கிராப் பாடியில் இத்தனை மெகாபிக்சல்' என்று எங்காவது படித்தால் நான் முதலில் பார்ப்பது, அந்த அடர்த்தியில் தோல் ஏற்கெனவே சந்தையில் இருக்கிறதா என்பதைத்தான். 40 மெகாபிக்சல் கிராப் சென்சார் 2022-லேயே ஃபியூஜி எக்ஸ்-ஹெச்2-ல் வந்துவிட்டது. அதே தோலில் ஃபுல் ஃபிரேம் வெட்டினால் 90 மெகாபிக்சலைத் தாண்டும். கேனனின் 32.5 மெகாபிக்சல் 2019-ல் 90டி-யில் வந்தது, 2022-ல் ஆர்7-லும் அதே எண். இருக்கிற தோலை ஒட்டி வரும் வதந்திக்குக் காது கொடுக்கலாம். கிராப்பில் 60 என்று யாராவது சொன்னால், 'சரி, பார்ப்போம்' என்று டீயைக் குடித்துவிட்டுப் போகலாம்.

இன்னொன்று. எண் ஏறிக்கொண்டேதான் போகும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். நிக்கான் 2015-ல் டி7200-க்கு 24 மெகாபிக்சல் கொடுத்தது. அடுத்த வருடம் அதைவிட உயர்ந்த டி500-க்கு 20.9 மட்டும்தான். இசட்50 வந்தது 2019-ல், அதற்கும் 20.9. அதன் இரண்டாம் பதிப்பு 2024 நவம்பரில், அப்போதும் 20.9. எட்டு வருடம் ஒரே எண். எண்ணிக்கை குறைந்தால் சென்சாரிலிருந்து படம் வேகமாக வெளியே வரும், ஓடுகிற பொருளை எடுப்பவர்களுக்கு அதுதான் வேண்டும். மெகாபிக்சலை மட்டும் வைத்து ஜாதகம் எழுதியவர்கள் எல்லாரும் அங்கே கோட்டை விட்டார்கள்.

மூத்தவன் கையில் என்ன இருக்கிறது

சென்சார் தோல் என்றால், உள்ளே இருக்கும் பிராசசர் மூளை. மூளை பெரும்பாலும் மேலிருந்து கீழே இறங்குகிறது. விலை உயர்ந்த ஃபுல் ஃபிரேமுக்கு முதலில் கொடுப்பார்கள், அங்கே செலவை எடுத்த பிறகு கிராப் வீட்டுக்கு வரும். எனவே இளையவனைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் மூத்தவன் பையைத் துழாவ வேண்டும்.

நிக்கானின் எக்ஸ்பீட் 7 என்ற பிராசசர் 2021 அக்டோபரில் இசட்9-ல் வந்தது. அது லட்சங்களில் விற்ற கேமரா. 2023-ல் இசட்8, இசட்எஃப், 2024 ஜூனில் இசட்6-ன் மூன்றாம் பதிப்பு என்று படிப்படியாக இறங்கி, 2024 நவம்பரில் இசட்50-ன் இரண்டாம் பதிப்பில் உட்கார்ந்தது. மேலே சொன்ன அதே 20.9 சென்சார், மேலே புது மூளை. மூன்று வருடப் பயணம். சோனியில் இதைவிட வேகம்: பொருளை அடையாளம் காணும் ஏஐ சிப் 2022 அக்டோபரில் ஏ7ஆர் 5-ல் வந்தது, 2023 ஜூலையில் ஏ6700-க்கு வந்துவிட்டது. ஒன்பதே மாதம்.

இன்று ஒரு நிறுவனத்தின் ஃபுல் ஃபிரேமில் எது நன்றாக ஓடுகிறதோ அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சில மாதத்திலிருந்து மூன்று வருடத்துக்குள் கிராப்பில் வரலாம். இது ஜோசியத்தைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் எல்லாமும் இறங்காது. மூத்தவன் வியாபாரத்தைக் கெடுக்கக்கூடிய ஒன்றிரண்டைக் கையில் பிடித்து வைத்துக்கொள்வார்கள். பாடிக்குள்ளேயே சென்சாரை மிதக்கவிட்டுக் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் அமைப்பு அப்படிப்பட்டது. நிக்கானின் இசட்50, இசட்எஃப்சி, இசட்30, இசட்50 இரண்டாம் பதிப்பு, நான்கிலும் அது கிடையாது. கேனனில் ஆர்7-க்குக் கொடுத்தார்கள். அதன் கூடவே வந்த ஆர்10-க்கு இல்லை. தொழில்நுட்பம் கைவசம் இருப்பது வேறு, அதை எந்தப் பெட்டியில் போட்டு விற்பது என்பது வேறு. வதந்தி எழுதுகிறவர்கள் முதலாவதைப் பார்த்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

வீட்டில் மூத்தவனே இல்லையென்றால்? ஃபியூஜிஃபில்ம் அப்படி. அவர்களிடம் ஃபுல் ஃபிரேம் கிடையாது. கிராப்புக்கு அடுத்து நேராக அதைவிடப் பெரிய ஜிஎஃப்எக்ஸ்தான். அதனால் இருப்பதில் நல்லதையெல்லாம் கிராப்பிலேயே கொட்டுகிறார்கள். 2022-ல் வந்த எக்ஸ்-ஹெச்2எஸ் அதற்குச் சாட்சி. அதில் வைத்த சென்சார்தான் என் சவுக்குக் கட்டைக்கு மருந்து.

கட்டை ஏன் சாய்ந்தது

எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் படத்தை ஒரே மூச்சில் எடுப்பதில்லை. மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசை வரை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வரும். கல்யாணப் பந்தி மாதிரி: ஒரே ஆள் வாளியைத் தூக்கிக்கொண்டு முதல் இலையிலிருந்து பரிமாறிக்கொண்டு வருகிறார். கடைசி இலைக்கு வரும்போது முதல் இலைக்காரர் ரசத்துக்குப் போய்விட்டார்.

மேலிருந்து கீழே படித்து முடிக்க விநாடியில் 30-ல் ஒரு பங்கு ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் எருது ஓடினால் அந்த நேரத்துக்குள் 33 சென்டிமீட்டர் போய்விடும், முக்கால் முழம். நான் எருதோடு சேர்ந்து கேமராவைத் திருப்பியதால் எருது தப்பித்தது. அசையாமல் நின்ற கட்டைதான் மாட்டிக்கொண்டது. கட்டையின் நுனியைப் படித்தபோது ஓர் இடத்தில் இருந்தது, அடியைப் படிக்கும்போது படத்தில் வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டது. இரண்டையும் சேர்த்தால் சாய்வு. இதை ரோலிங் ஷட்டர் என்பார்கள்.

இதைத் தீர்க்கப் பந்தியில் ஆள் கூட்ட வேண்டும். சென்சாருக்குப் பின்னால் இன்னோர் அடுக்காக மெமரியும் சர்க்யூட்டும் ஒட்டிவிட்டால் வரிசைகளைப் பல மடங்கு வேகமாகக் காலி செய்யலாம். இதுதான் ஸ்டாக்டு சென்சார், அதாவது அடுக்குச் சென்சார். ஃபுல் ஃபிரேமில் முதலில் வந்தது 2017-ல், சோனி ஏ9. நிக்கான் இசட்9-ல் இது எவ்வளவு வேகம் என்றால், இயந்திர ஷட்டரே வேண்டாம் என்று கழற்றிவிட்டார்கள். கிராப்பில் இதைக் கொண்டுவந்ததுதான் நான் சொன்ன எக்ஸ்-ஹெச்2எஸ்: 26 மெகாபிக்சல், எலக்ட்ரானிக் ஷட்டரில் விநாடிக்கு 40 படம்.

அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. எல்லா இலையிலும் ஒரே நொடியில் சோறு விழுகிற பந்தி. குளோபல் ஷட்டர் என்று பெயர். 2023 நவம்பரில் சோனி ஏ9 மூன்றாம் பதிப்பில் வந்தது, ஃபுல் ஃபிரேம். விலையைப் பார்த்துவிட்டு நான் மூடி வைத்துவிட்டேன்.

எனக்குச் சுவாரசியம் நடுவில் இருப்பதில்தான். 2024-ல் நிக்கான் இசட்6 மூன்றாம் பதிப்பில் பாதி அடுக்குச் சென்சார் வைத்தார்கள். சென்சாரின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் மட்டும் வேக சர்க்யூட். பந்தி முழுக்க ஆள் போடாமல் இரண்டு முனையில் மட்டும் கூடுதலாக ஆள் நிறுத்திய மாதிரி. முழு அடுக்கைவிடச் செலவு குறைவு, சாதாரணத்தைவிட வேகம் அதிகம். அடுத்து வரும் நடுத்தர விலைக் கிராப் பாடிகளில் ஒன்றிலாவது இந்த வழி இறங்கும் என்பது என் ஊகம். தோல் இருக்கிறது, மூத்தவனிடம் வந்துவிட்டது, இளையவனிடம் கேட்கிற ஆள் தெருத்தெருவாக இருக்கிறார்கள். குளோபல் ஷட்டர் கிராப்பில் சீக்கிரம் வரும் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. அது வந்தால் மூத்தவனை யார் வாங்குவார்கள்?

ஆட்டோஃபோகஸ் பற்றி ஒரு வார்த்தை. கண்ணைத் தேடிப் பிடிக்கும் வித்தை முதலில் மனிதனுக்கு வந்தது, பிறகு நாய், பூனை, பறவைக்கு. கேனன் 2022-ல் ஆர்6 இரண்டாம் பதிப்பில் குதிரையையும் சேர்த்தது. குதிரை வரைக்கும் வந்துவிட்டார்கள், எருது என்று தனியாகப் போட்ட மெனுவை நான் இன்னும் பார்க்கவில்லை. ஜப்பானிலிருந்து யாராவது மாட்டுப் பொங்கலுக்கு வந்து போனால் நன்றாயிருக்கும்.

வெயிலூர்க்காரன் கேட்க வேண்டிய கேள்வி

வதந்திப் பட்டியல்களில் வீடியோவுக்கு 4கே, 6கே, 8கே என்று அடுக்குவார்கள். சூடு தாங்குமா என்று ஒரு வரி இருக்காது. நம் ஊருக்கு வெயிலூர் என்றே பட்டப்பெயர். சித்திரை மதியம் லாங் பஜாரில் பைக் சீட்டில் உட்காரவே யோசிக்க வேண்டும். சென்சார் சூடானால் படத்தில் புள்ளி புள்ளியாகச் சொரசொரப்பு ஏறும். ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தில் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறதே, அந்த மாதிரி வானியல் வேலைகளில் சென்சாரைப் பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே குளிர்வித்துத்தான் படம் எடுப்பார்கள். நம் கையில் இருக்கும் சின்னப் பாடிக்குள் மூளை, மெமரி, பேட்டரி எல்லாம் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. எக்ஸ்-ஹெச்2எஸ்-க்கு முதுகில் மாட்ட ஒரு சின்ன ஃபேன் தனியாகவே விற்கிறார்கள் என்றால் பிரச்சினை எவ்வளவு உண்மை என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேகம் கூடினால் சூடும் கூடும். புது மாடல் வந்ததும் வெயில் காலத்தில் யாராவது அரை மணி நேரம் வீடியோ ஓட்டிக் காட்டும் வரை நான் வாங்க மாட்டேன்.

செய்தி எங்கிருந்து கசிகிறது

கேமராவில் வைஃபை, புளூடூத் இருப்பதால் ஒவ்வொரு நாட்டிலும் வயர்லெஸ் ஒப்புதல் வாங்க வேண்டும். இந்தியாவிலும் தொலைத்தொடர்புத் துறையில் அப்படி ஒரு நடைமுறை உண்டு. சில நாடுகளில் அந்தப் பதிவுகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அங்கே கேமராவின் பெயர் இருக்காது, ஏதோ ஒரு குறியீட்டு எண்தான் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு 'ஒன்று வருகிறது' என்கிறார்கள். இது பெரும்பாலும் உண்மையாகிவிடும். ஆனால் அதிலிருந்து தெரிவது சொற்பம்: ஏதோ ஒரு கேமரா, என்றைக்கோ.

பட்டியல் நீள நீள நம்பகம் குறைகிறது. மெகாபிக்சல், வேகம், திரை, எடை, விலை என்று எல்லாவற்றுக்கும் எண் போட்டிருந்தால் அது பெரும்பாலும் ஆசைப்பட்டியல்தான். அறிவிப்புக்கு ஓரிரு நாள் முன்னால் கடைக்காரர்களிடமிருந்து கசியும் படங்கள் மட்டும் விதிவிலக்கு. அதற்குள் காத்திருந்து என்ன மிச்சம்?

சில விஷயங்களுக்கு வதந்தியே வேண்டாம். ஐரோப்பிய யூனியனில் 2024 டிசம்பர் 28-லிருந்து புதிதாக விற்கும் டிஜிட்டல் கேமராக்களில் வயர் மூலம் சார்ஜ் ஏறுகிறதென்றால் யூஎஸ்பி டைப்-சி இருக்க வேண்டும் என்பது சட்டம். இனி வருகிற எதிலும் அது இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

தேதி மட்டும் யாருக்கும் பிடிபடாது

அம்சத்தை ஊகிக்கலாம், நாளை ஊகிக்க முடியாது. நிக்கான் டி300 2007-ல் வந்தது, டி300எஸ் 2009-ல். அடுத்தது டி400 என்று உலகமே முடிவு செய்து காத்திருந்தது. வருடா வருடம் 'இதோ வருகிறது' என்றார்கள். டி400 என்று ஒன்று கடைசி வரை பிறக்கவே இல்லை. 2016 ஜனவரியில் டி500 என்ற பெயரில், மூத்தவனான டி5-ன் ஆட்டோஃபோகஸோடு, அவனோடு ஒரே நாளில் வந்து இறங்கியது. ஆறு வருடத்துக்கும் மேல். கல்லூரியில் சேர்ந்தபோது காத்திருக்கத் தொடங்கியவன் கல்யாணம் முடிந்து குழந்தை படம் எடுத்திருப்பான், அதுவும் போனில்.

கேனன் 7டி 2009, அதன் இரண்டாம் பதிப்பு 2014. ஐந்து வருட இடைவெளி என்று விரல் விட்டு எண்ணி 2019-ல் மூன்றாம் பதிப்பு என்றார்கள். வந்தது 90டி. மூன்றாம் பதிப்பு வரவே இல்லை. உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) ஆர்7 தான் 2022-ல் வந்தது. சோனியோ நேர்மாறு: 2016 பிப்ரவரியில் ஏ6300, அதே அக்டோபரில் ஏ6500. முதலாவதை வாங்கியவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

இடையில் பூமியும் குலுங்கும். 2016 ஏப்ரலில் ஜப்பானின் குமமோட்டோ நிலநடுக்கத்தில் சோனியின் சென்சார் ஆலை நின்றது. அவர்களிடம் சென்சார் வாங்கும் மற்ற நிறுவனங்களுக்கும் தட்டுப்பாடு. எந்தப் பட்டியலில் அது எழுதியிருந்தது? சந்தையும் பழைய சந்தை இல்லை. ஜப்பானிய நிறுவனங்கள் விற்பனைக்கு அனுப்பிய டிஜிட்டல் கேமராக்களின் எண்ணிக்கை 2010-ல் உலகம் முழுக்க 12 கோடியைத் தொட்டது. 2020-ல் ஒரு கோடிக்கும் கீழே வந்துவிட்டது. விற்பது இவ்வளவு குறைந்த பிறகு, வருடத்துக்கு ஒன்று என்று பாடியை மாற்ற யாருக்கும் அவசரம் கிடையாது.

பையனிடம் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "உனக்கு எருது எப்ப ஓடுது?" மாசி வரைக்கும் அங்கங்கே விழா இருக்கிறது, சிவராத்திரி முடிந்ததும் பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளை. பட்டியலில் போட்ட மாதம் சரியாகவே இருந்தாலும், அறிவிப்பு ஒரு நாள், கடைக்கு வருவது இன்னொரு நாள், நம் ஊர்க் கடைக்கு வருவது அதற்கும் பிறகு. ஆரம்ப விலை இறங்க இன்னும் சில மாதம்.

அவன் கணக்குப் போட்டுவிட்டு, ஷட்டர் அதிகம் ஓடாத செகண்ட்ஹேண்ட் கிராப் பாடி ஒன்றைப் பேசி முடித்தான். மிச்சப் பணத்துக்கு ஒரு 70-300 லென்ஸ். லென்ஸ் அடுத்த பாடிக்கும் ஆகும், ஆனால் மவுண்ட், அதாவது பாடியில் லென்ஸ் மாட்டும் வாய், மாறாத வரைக்கும்தான், அதைப் பார்த்து வாங்கச் சொன்னேன். புது மாடல் வந்தால் பழைய பாடி விலை இறங்கும் என்று கவலைப்பட்டான். ஏற்கெனவே இறங்கிய விலையில்தானே வாங்குகிறாய் என்றேன்.

அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் வேறோர் ஊருக்குப் போனோம். போவதற்கு முன் என் கேமரா மெனுவைத் திறந்து எலக்ட்ரானிக் ஷட்டரை மெக்கானிக்கலுக்கு மாற்றினேன். விநாடிக்கு முப்பது பதினைந்தாகக் குறைந்தது, படபடவென்று தையல் மிஷின் சத்தம். ராத்திரி படத்தைத் திறந்தோம். கட்டை நேராக நின்றது.